பின் ஸ்பீக்கரில் மழை: ஒரு வீட்டில் வானொலிக் கச்சேரியை 5.1-இல் கேட்ட கதை

இந்த நிகழ்வு 2019 தீபாவளியில் தொடங்கி 2020 ஏப்ரலில் முடிந்தது. வீட்டார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் ஒலிப் பொறியாளன் இல்லை. பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்கி, ஸ்பீக்கர், ஆன்டெனா என்று முப்பது வருடமாகக் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த அனுபவத்தை நம்பித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அனுபவமே ஓரிடத்தில் என்னைத் தப்பான வழியில் கொண்டுபோனதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

## பின்னணி

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், மூன்றாம் மாடி. வீட்டுப் பெரியவருக்கு அப்போது 74 வயது. கும்பகோணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகன் என் நண்பன். பெரியவருக்குக் காது இன்னும் கூர்மை. ராகம் தொடங்கி இரண்டு பிடி பிடிப்பதற்குள் பெயர் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வருடமும் ராமநவமி சமயத்தில் சாமராஜப்பேட்டைக் கோட்டைப் பள்ளி மைதானத்துக் கச்சேரிகளுக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வானொலிதான். அகில இந்திய வானொலியின் அமிர்தவர்ஷினி அப்போது அங்கே 100.1 மெகாஹெர்ட்ஸில் வந்தது. சாஸ்திரிய இசைக்கென்றே இருந்த எஃப்.எம். நிலையம். சமையலறை அலமாரியில் ஒரு பழைய டிரான்சிஸ்டர். காலையில் காபியோடு அது பாடத் தொடங்கும்.

முன்னும் பின்னும் ஸ்பீக்கர் வைத்து ஒலி சுற்றிலும் சூழக் கேட்கும் சரவுண்ட் ஆசை மகனுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அது பெரியவருடையது. 2018-இல் அவரும் மனைவியும் மியூனிக்கில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் சாட்டிலைட் டிஷ் வழியாக பவேரிய வானொலியின் பிஆர்-கிளாசிக் வரும். அதில் சில கச்சேரிகளை உண்மையான 5.1 ஒலியாகவே (ஐந்து ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சானல்) அனுப்புவார்கள். அதாவது அரங்கத்தில் பின்பக்கத்து ஒலிக்கென்று தனி மைக் வைத்து, அதைத் தனிச் சானலாகவே வீடுவரை கொண்டுவருவது. ஹெர்குலிஸ் அரங்கில் நடந்த ஒரு சிம்பொனியை அப்படிக் கேட்டிருக்கிறார். அந்த இசை அவருக்குப் பெரிதாக ஒட்டவில்லை. கடைசி ஸ்வரம் நின்றபின் அரங்கம் மூச்சுவிடுவது போல ஒன்று தோளுக்குப் பின்னால் அடங்கியது மட்டும் மனதில் தங்கிவிட்டது. "நம்ம கச்சேரியை இப்படிக் கேட்டா எப்படி இருக்கும்?" என்று ஊர் திரும்பியதிலிருந்து மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகன் தெரிந்தவரிடமிருந்து 2010 வாக்கில் வந்த ஒரு ஏவி ரிசீவரையும் (ரேடியோ, டிவி ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட செட்டையும் வாங்கினான். ஒரு கடையிலிருந்து ஆள் வந்து ஒரே மாலையில் மாட்டிவிட்டுப் போனார். முன் ஸ்பீக்கர்கள் டிவிக்கு இருபுறமும், நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, பின் ஸ்பீக்கர்கள் சோபாவுக்குப் பின்னால் சுவரின் மேல்மூலைகளில். சோபா சுவரை ஒட்டியே கிடந்தது. எஃப்.எம். ஆன்டெனா என்று ரிசீவரோடு வந்த ஒரு முழம் ஒயர் டிவிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

தீபாவளி அக்டோபர் 27. இரண்டு வாரத்துக்குள் பெரியவர் டிரான்சிஸ்டருக்கே திரும்பிவிட்டார்.

## நவம்பர் 10: முதல் ஞாயிறு

நான் போனபோது பெரியவர் ஒரு தாளில் குறைகளை எண் போட்டு எழுதி வைத்திருந்தார்.

முதல் குறை, முதுகுக்குப் பின்னால் மழை பெய்கிற சத்தம். இரண்டாவது, பாடுகிறவர் டெலிபோனில் பாடுவது போல இருக்கிறது. மூன்றாவது, தம்புரா பின்னாலிருந்து வருகிறது. "தம்புரா பாடறவருக்குப் பின்னால இருக்கணும் தம்பி, எனக்குப் பின்னால எதுக்கு?" என்றார். நாலாவது, மிருதங்கம் வலதுபக்கம் கேட்கிறது.

கடைசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமான கச்சேரி மேடையில் சபையோர் பார்வைக்கு மிருதங்கக்காரர் இடதுபக்கம், வயலின்காரர் வலதுபக்கம். வலதுகைக்காரர் அங்கே உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை (சுருதி சேர்த்த முகம்) சபையைப் பார்த்து இருக்கும். இடதுகைக்காரர் என்றால் பக்கம் மாற வேண்டும். மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர் என்பது கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். "தினமும் இடதுகைக்காரரா வாசிக்கிறார்?" என்று பெரியவர் சிரித்தார். ஸ்டுடியோவில் எப்படி உட்கார வைப்பார்களோ, மைக்கை எந்தப் பக்கம் திருப்பினார்களோ என்று நான் அதை ஒதுக்கிவிட்டேன். இந்த ஆய்வில் நான் செய்த பெரிய தவறு இதுதான்.

அன்று நான் பார்த்தது: ரிசீவர் டால்பி புரோ லாஜிக் 2-இன் மியூசிக் முறையில் இருந்தது; இரண்டு சானல் ஒலியிலிருந்து ஐந்து ஸ்பீக்கருக்கானதை ஊகித்துப் பிரிக்கும் முறை அது. ஸ்டீரியோ விளக்கு எரிந்தது, ஆனால் அவ்வப்போது கண் சிமிட்டியது. பின் ஸ்பீக்கர்களில் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. யாராவது அறையின் குறுக்கே நடந்தால் கூடிக் குறைந்தது. டியூனரை மோனோவுக்கு (இடம் வலம் பிரிவில்லாத ஒற்றை ஒலி) மாற்றியதும் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் அடியோடு அமைதியாகிவிட்டன. மழையும் இல்லை, தம்புராவும் இல்லை. பாட்டு முழுக்க நடு ஸ்பீக்கருக்குப் போய்விட்டது.

காரணம் அப்போதே புரிந்தது. ஆனாலும் வந்த வேலை முடிந்தால் சரி என்று பின் ஸ்பீக்கர்களின் அளவை 6 டெசிபல் குறைத்துவிட்டு, ஆன்டெனா பிறகு பார்க்கலாம் என்று கிளம்பினேன். இரண்டு நாள் கழித்துப் பெரியவரே போன் செய்தார். "மழை நின்னுடுத்து. பையன் வாங்கித் தந்த சரவுண்டும் நின்னுடுத்து."

## கூட்டலும் கழித்தலும்

அடுத்த முறை போனபோது அவருக்கு விளக்கினேன். கணக்கு வாத்தியார் என்பதால் வேலை எளிதாக இருந்தது.

எஃப்.எம். ஸ்டீரியோவில் இடது ஒலியும் வலது ஒலியும் தனித்தனியாக வருவதில்லை. இரண்டையும் கூட்டியது முதன்மையாக வருகிறது. அதனால்தான் ஒற்றை ஸ்பீக்கர் டிரான்சிஸ்டரிலும் பாட்டு முழுசாகக் கேட்கிறது. இடதிலிருந்து வலதைக் கழித்தது 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையின் மேல் ஏறி, 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில் வருகிறது. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவே 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் அடையாள ஒலி. ரிசீவர் அதைக் கண்டுபிடித்தால் ஸ்டீரியோ விளக்கு எரியும். பிறகு கூட்டலையும் கழித்தலையும் மறுபடி கூட்டிக் கழித்து இடது, வலது இரண்டையும் பிரித்துக்கொள்கிறது.

எஃப்.எம்.மில் இரைச்சல் அதிர்வெண் ஏற ஏறக் கூடும். ஆகவே மேலே உட்கார்ந்திருக்கும் கழித்தல் பகுதியில்தான் இரைச்சல் அதிகம் சேர்கிறது. அலை பலவீனமாக இருந்தால் மோனோவைவிட ஸ்டீரியோவில் இரைச்சல் சுமார் 20 டெசிபல் அதிகம். சாதாரண ஸ்டீரியோவில் இது முன்னாலிருந்து பாட்டோடு கலந்து வருவதால் காது கொஞ்சம் மன்னித்துவிடும்.

புரோ லாஜிக் போன்ற முறைகள் மன்னிப்பதில்லை. இரண்டு சானலிலும் ஒன்றுபோல் இருப்பதை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டிலும் எதிரெதிராகவோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலோ இருப்பதைப் பின்னுக்கு அனுப்பும். அரங்கத்தின் எதிரொலி, கைத்தட்டல், இருமல் எல்லாம் இந்த இரண்டாவது வகை. அதனால் அது நல்ல யோசனைதான். ஆனால் எஃப்.எம். இரைச்சலும் அதே வகை.

பெரியவர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இடம் + வலம், இடம் − வலம் என்று எழுதினார். பாடகர் நடுவில், இடத்திலும் வலத்திலும் சமம், கழித்தால் பூஜ்யம். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ பின்னால வர்றது பாட்டு போக மிச்சம். மிச்சத்துல எவ்வளவு குப்பை இருக்கோ அவ்வளவும் என் முதுகுக்கு." நான் அரை மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த யோசனை புதிதும் இல்லை. கல்லூரி நாளில் நாங்கள் இரண்டு பழைய ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபயரின் இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவே கோர்த்துப் பின்னால் வைப்போம். அமெரிக்க ஒலிப் பொறியாளர் டேவிட் ஹாஃப்ளர் பிரபலமாக்கிய முறை அது. இரண்டு முழம் ஒயர்தான் செலவு. வானொலியிலேயே நாலு சானலை இரண்டுக்குள் மடித்து அனுப்பிப் பார்த்ததும் உண்டு: பிபிசி 1977-இல் மேட்ரிக்ஸ் எச் என்ற முறையைச் சோதித்தது. கழித்தலில் வருவதை நம்பி இருந்த எல்லா முறைக்கும் வரவேற்பு அலை சுத்தமாக இருந்தாக வேண்டும்.

## எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் எங்கள் முன்னால் இருந்தன.

ஒன்று, மியூனிக்கைப் போல உண்மையான 5.1 ஒலிபரப்பைப் பிடிப்பது. அது ஆஸ்ட்ரா சாட்டிலைட்டிலிருந்து ஐரோப்பாவை நோக்கி வந்தது. பெங்களூரில் டிஷ் வைத்துப் பயனில்லை. வந்தாலும் அதில் அவர் கேட்கிற காம்போதி ராகம் இருக்காது.

இரண்டு, எஃப்.எம்.மை விட்டுவிட்டு இரைச்சலில்லாத வேறு வழிக்குப் போவது. வானொலியின் சாஸ்திரிய இசை அலைவரிசையான ராகம் 2016 ஜனவரி 26 முதல் டி.டி.எச். வழியும் இணையம் வழியும் கிடைக்கிறது. டி.டி.எச். யோசனையைப் பெரியவர் உடனே தள்ளினார். சானல் மாற்ற டிவித் திரையைப் பார்க்க வேண்டும். "ரேடியோ கேட்க டிவியைப் போடணுமா?" இது பிடிவாதம் என்று மகன் சொன்னான்; எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஐந்தரை மணிக்கு எழுந்து கண்ணாடிகூடப் போடாமல் ஒரு பட்டனைத் தட்டிக் கேட்கிறவருக்கு மெனு எதற்கு?

இணையம் வழியும் ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மழை இல்லை, ஆனால் பின்னால் தண்ணீருக்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். குறைந்த பிட் வீதத்தில் ஒலியைச் சுருக்கும்போது கழித்தல் பகுதிக்குக் குறைந்த இடமே ஒதுக்குவார்கள். முன்னால் பாட்டு ஒலிக்கும்போது அந்தச் சேதம் மறைந்துவிடும் என்ற கணக்கு. சரவுண்ட் முறை கழித்தலை மட்டும் தனியாகப் பிரித்து முதுகுக்குப் பின்னால் வைத்தால் மறைப்பு போய்விடுகிறது. எஃப்.எம்.மில் பார்த்த அதே கதை, வேறு குப்பை.

மூன்று, ஆன்டெனாவைச் சரிசெய்வது. செலவு குறைவு, அவர் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம். இதை எடுத்தோம்.

100.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 3 மீட்டர். அரை அலை டைபோல் (இரண்டு குழாயை எதிரெதிராக வைக்கும் எளிய ஆன்டெனா) என்றால் நடைமுறையில் பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அலுமினியக் குழாய். நடுவில் பிவிசி துண்டு, அங்கிருந்து 75 ஓம் கேபிள் நேராக ரிசீவருக்கு. பாதிச் சாமான் வீட்டிலேயே கிடந்தது. மொட்டை மாடியில் வைக்க அசோசியேஷன் செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை, பால்கனிதான் கிடைத்தது. கிடத்தியும் நிறுத்தியும் பார்த்து, இரைச்சல் குறைவாக இருந்த ஒரு சாய்வில் கட்டினோம். எதிரே புதிதாக எழும்பிய கட்டடம் ஒன்று அலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே அலை இரண்டு வழியில் சற்றே முன்பின்னாக வந்து சேர்ந்தால் முதலில் கெடுவது இந்தக் கழித்தல் பகுதிதான். ஆன்டெனாவைப் பால்கனியின் மறுகோடிக்கு நகர்த்தியபின் ஸ்டீரியோ விளக்கு கண் சிமிட்டவில்லை. மழை தூறலானது, தூறல் நின்றது. பின் ஸ்பீக்கரின் அளவைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன்.

## நவம்பர் 24: மூன்றாம் ஞாயிறு

முதல் குறை தீர்ந்தது. டெலிபோன் குரலைச் சரிசெய்யப் போனபோதுதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது.

புரோ லாஜிக் 2-இல் சென்டர் விட்த் என்று ஒரு அமைப்பு உண்டு, 0 முதல் 7 வரை. 0-இல் வைத்தால் நடுக்குரல் முழுக்க நடு ஸ்பீக்கருக்கே போகும். நடு ஸ்பீக்கரோ கையகலப் பெட்டி. அதிலிருந்து ஓர் ஆலாபனை முழுக்க வர வேண்டுமென்றால் டெலிபோன் போலத்தான் இருக்கும். எண்ணை ஏற்றினால் குரல் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கும் பரவி உடம்பு பிடிக்கும். 4-இல் வைத்தேன். குரல் நன்றாக வருவதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பரவி, அடித்தொண்டை காணாமல் போயிற்று. பெரியவர் சொன்னார்: "இப்போ கிணத்துக்குள்ள பாடறார்."

இப்படி ஆனால் ஒரே காரணம்தான் வழக்கம்: இரண்டு முன் ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். நடுவில் இருக்க வேண்டிய குரல் தன்னைத்தானே தின்றுவிடும். இத்தனை நாளும் நடு ஸ்பீக்கர் தனியாகப் பாடியதால் இது மறைந்தே இருந்தது. ஒயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். ரிசீவர் பக்கம் பிளஸ் என்றிருந்த முனையில் பேட்டரியின் பிளஸ்ஸை வைத்தால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று தள்ளியது, ஒன்று உள்ளே போனது.

கையோடு ரிசீவரின் டெஸ்ட் டோனையும் போட்டேன். அது ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் வரிசையாக இரைச்சலை ஒலித்து, எந்த ஸ்பீக்கர் என்று திரையில் காட்டும். திரையில் இடது என்று வந்தது. சத்தம் வலதுபக்கத்திலிருந்து வந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் எழுதிய தாள் இன்னும் மேஜை மேல் கிடந்தது; நாலாவது குறை அதில் அடிக்கோடிட்டிருந்தது.

மாட்டிவிட்டுப் போனவர் இடம் வலம் மாற்றி, அதில் ஒன்றை முனையும் மாற்றிச் செருகியிருக்கிறார். அவசர மாலையில் யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் டெஸ்ட் டோனை ஒரே ஒரு முறை ஓடவிட்டிருந்தால் முதல் தவறாவது அன்றே தெரிந்திருக்கும். பதினைந்து நாள் நானும் அதைச் செய்யவில்லை.

## தம்புராவை முன்னால் அனுப்பியது

மிச்சமிருந்தது மூன்றாவது குறை. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் பதிவாகியிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த எண்ணை யாரும் தொடவில்லை. அளந்து பார்த்தோம். அவர் தலையிலிருந்து முன் ஸ்பீக்கர்கள் 3 மீட்டர், பின் ஸ்பீக்கர்கள் 90 சென்டிமீட்டர். ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, பின்னால் இருப்பது 6 மில்லி நொடி முந்தி அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் வந்ததோ அங்கிருந்துதான் வருகிறது என்று காது முடிவு கட்டிவிடும். தம்புராவின் கார்வை இரண்டு சானலிலும் கொஞ்சம் வேறு வேறாக விழுவதால் அதில் ஒரு பங்கு பின்னுக்குப் போவது தவிர்க்க முடியாதது. அது முந்திக்கொண்டும் வந்ததால் தம்புராவே முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது.

அளந்த தூரங்களைப் பதிந்ததும் ரிசீவர் பின் ஒலியைத் தானே தாமதப்படுத்தியது. பின் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இறக்கிப் பக்கச் சுவர்களில், காதுக்குச் சற்று மேலே, நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி மாட்டினோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, முன்நோக்கிலிருந்து 100 முதல் 120 பாகைக்குள் என்கிறது. எங்களுக்குச் சுமார் 110 கிடைத்தது. சோபாவைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே இழுக்க ஆசை. பூஜை அறைக்குப் போகும் வழி அடைபடும் என்று மருமகள் சொன்னார். 40 சென்டிமீட்டரில் சமரசம் ஆனது.

ஒலியை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தும் டைமென்ஷன் என்ற அமைப்பை ஒரு படி முன்பக்கம் தள்ளினோம். முன்பக்க ஒலியைப் பக்கங்களுக்கும் இழுத்துச் சுற்றி வளைக்கும் பனோரமாவை அணைத்தோம். மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கும் மேடையை அறை முழுக்க இழுத்துக் கட்ட வேண்டிய தேவை இல்லை. ஹால், சர்ச், ஸ்டேடியம் என்றெல்லாம் ரிசீவரில் இருந்த செயற்கை எதிரொலிகளைப் பெரியவர் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "கடம் வாசிக்கறவர் பாவம்" என்றார். அணைத்துவிட்டோம்.

## பின்னர் நடந்தது

டிசம்பர் முதல் வாரத்தில் மகன் போன் செய்து, பின் ஸ்பீக்கர் இரண்டும் போய்விட்டன என்றான். போகவில்லை. அன்று வந்தது 1960-களின் கச்சேரிப் பதிவு, மோனோ. இடத்திலும் வலத்திலும் ஒன்றே இருந்தால் கழித்தல் பூஜ்யம், பின்னால் போக ஒன்றுமில்லை. ஆன்டெனா சுத்தமானதால் முன்பு அந்த இடத்தை நிரப்பிய மழைகூட இல்லை. பெரியவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை; அவர்தான் மகனுக்கு விளக்கினார். அப்புறம் ரிமோட்டில் இரண்டு துண்டுக் காகிதம் ஒட்டினோம்: பழைய பதிவுக்கு வெறும் ஸ்டீரியோ, மற்றதற்கு சரவுண்ட்.

மார்கழியில் எது சரவுண்டுக்கு ஏற்றது, எது இல்லை என்று அவரே ஒரு கணக்குக்கு வந்தார். ஸ்டுடியோவில் மைக்கை நெருக்கி வைத்துப் பதிந்த கச்சேரியில் பின்னால் வருவது சொற்பம், ஸ்டீரியோவே போதும். நாகஸ்வரத்துக்கு வேண்டவே வேண்டாம். சபாவில் எடுத்த கச்சேரி என்றால் பட்டனை மாற்றுவார். அப்படி ஒரு கச்சேரியின்போது நான் அங்கே இருந்தேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிகிற இடம். இடதுபக்கத்தில் மிருதங்கம், கொஞ்சம் உள்ளே தள்ளிக் கடம், கோர்வை மூன்றாம் முறை வந்து சமத்தில் விழுந்தது. கைத்தட்டல் முன்னாலிருந்து எழுந்து பக்கமாகப் பரவியது. அதற்குள் பின்னால் யாரோ இருமினார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மியூனிக் போல இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார் உடனே. அங்கே அரங்கம் முழுசாக இருந்தது, இங்கே அதன் நிழல் இருக்கிறது. அது சரியான தீர்ப்பு. ஐந்து மைக் வழியாக வந்ததும் இரண்டிலிருந்து ஊகித்து எடுத்ததும் ஒன்றாகாது.

2020 ஏப்ரல் 2 ராமநவமி. நாடு முழுக்க லாக்டவுன். அவர் எங்கும் போகவில்லை. அந்த மாதம் தினமும் மாலை ஆறரைக்கு வேட்டி மாற்றிக்கொண்டு, விசிறியோடு சோபாவில் உட்கார்ந்ததாக மகன் சொன்னான். டிரான்சிஸ்டர் காலைக் காபிக்கு மட்டும் என்றாயிற்று.

## மாற்றிச் செய்வதானால்

டெஸ்ட் டோன், பேட்டரி, அளவு நாடா இந்த மூன்றையும் முதல் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். ஆன்டெனா அதற்கப்புறம். நான் தலைகீழாகப் போனதால் மூன்று ஞாயிறு செலவானது. பின் ஸ்பீக்கர் அளவைக் குறைத்து இரைச்சலை மறைத்ததைச் செய்யவே மாட்டேன். அது காரணம் தெரிந்தபின்னும் செய்த சோம்பேறித்தனம்.

கேட்கிறவர் தாளில் எழுதியதை வரிசையாக ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். மிருதங்கம் எந்தப் பக்கம் என்று சொல்ல அவருக்கு ஐம்பது வருடக் கச்சேரி அனுபவம் இருந்தது. எனக்கு ஸ்டுடியோ பற்றி ஓர் ஊகம் மட்டும் இருந்தது.

நடு ஸ்பீக்கரை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அவர் ஒருவர்தான் நேர் நடுவில் உட்கார்ந்து கேட்கிறார். முன் ஸ்பீக்கர் இரண்டே குரலை நடுவில் நிறுத்திவிடும். மருமகளும் பேத்தியும் ஓரத்தில் உட்காரும் நாட்களுக்காகத்தான் இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

தீராத ஒன்று உண்டு. பால்கனியின் மறுகோடிச் சுவருக்கு அப்பால் லிஃப்ட். அது கிளம்பும்போதும் நிற்கும்போதும் பின் ஸ்பீக்கர்களில் மட்டும் ஒரு சின்னப் படபடப்பு வரும். கேபிளை நகர்த்திப் பார்த்தோம், போகவில்லை. ஆன்டெனாவை வேறு இடத்துக்கு மாற்றினால் எதிர்க்கட்டடம் திரும்ப வந்துவிடும். கச்சேரி நடுவே அது கேட்டால் பெரியவர் தலையைத் திருப்பாமலே சொல்கிறார்: "யாரோ மேல போறாங்க."